உருளைக்கிழங்கு நண்டு

லெயோனுக்குப் படம் வரைய வராது.
கதை வராது, கணக்கும் வராது.
மூன்றும் வராத ஆள் வேறென்ன செய்வான்,
பதிப்பாளர் ஆனான்.

நெல்லித்தோப்பில் சொல்தா வீடு.
சைகோன்வரை போய், ஒருவரையும் சுடாமல் திரும்பிய
அப்பாவின் பிரெஞ்சு பென்ஷன்
அடேல் அம்மாவுக்கு முதல் வாரம் வரும்.
இரண்டாம் வாரம் 'முள்ளோடை காமிக்ஸ்' வரும்.
இருபத்து நான்கு பக்கம், கறுப்பு வெள்ளை, எட்டு ரூபாய்.
கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில்
வெட்டி மிஞ்சிய தாளில் அடித்தது.
ஒன்பதாம் இதழின் உள்ளட்டையில் பாருங்கள்,
பாதியில் அறுந்த ஒரு 'சுற்றமும் நட்பும்'.

நான் பலூனுக்குள் எழுதுகிறவள்.
பலூனுக்கு ஐம்பது பைசா.
அலறலுக்கு எழுபத்தைந்து.
எழுத்து பெரிது, மை கூட ஆகிறது என்று
ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டைபோட்டு வாங்கிய ரேட்டு.

கதையும் படமும் வடமலை.
கடலூர்ப் பக்கம் ஒரு சாய ஆலையில் இரவு ஷிஃப்ட்.
எந்த வால்வு எத்தனை மணிக்கு
ஆற்றின் பக்கம் திறக்கும் என்பதைக்
கட்டம் கட்டமாகப் போட்டான்.
அதைப் பார்த்துவிட்ட வாட்ச்மேன்தான் கதாநாயகன்.
வடமலை பேர் போடமாட்டான்.
கடைசிக் கட்டத்தின் மூலையில்
கொசுவளவு ஒரு நண்டு, அவ்வளவுதான்.
கொடுக்கில் மயிர்கூடத் தெரியும்.

கட்டுகள் பஸ்ஸில் எல்லை தாண்டும்.
பாண்டியிலிருந்து கனமாக ஒரு பை வந்தால்
செக்போஸ்டில் என்ன நினைப்பார்கள்?
"எத்தனை குவார்ட்டர்?"
"முந்நூறு காமிக்ஸ், சார்."
ஏட்டு நம்பாமல் முகர்ந்து பார்த்தார்.
அடுத்த மாதம் அவரே பஸ்ஸில் ஏறி,
"அந்த வாட்ச்மேன் செத்தானா, இல்லியா?" என்று
ஒன்றை உருவிக்கொண்டார்.
காசு கொடுக்கவில்லை.

பத்தாம் இதழுக்கு வக்கீல் நோட்டீஸ்.
லெயோன் அதைத் தேதி, முத்திரையோடு
பதினோராம் இதழின் அட்டையாக்கினான்.
முழுக்க விற்ற ஒரே இதழ் அதுதான்.

பன்னிரண்டுக்கு ஸ்டேஷன்.
"யாருய்யா இந்த நண்டு?"
"நான்தான்."
"வரை."
இருபது நிமிஷம் வரைந்தானாம்.
உருளைக்கிழங்கில் எட்டு குண்டூசி குத்தினதுபோல் ஏதோ வந்தது.
இன்ஸ்பெக்டர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.
"இதுவா நண்டு?"
"ஸ்டைல் மாறிட்டே இருக்கும், சார்."
விடியும்வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

வடமலையிடம் சொன்னது நான்.
அவன் ஒன்றும் பேசவில்லை. டீயைக்கூடக் குடிக்கவில்லை.
பதின்மூன்றாம் இதழ் வந்தது.
மூலையில் உருளைக்கிழங்கு,
எட்டுக் குண்டூசி, ஒன்று கோணலாக.
பதினான்கிலும் அதே.
அந்தக் கை அப்புறம்
ஒரு நல்ல நண்டு போட்டு நான் பார்க்கவில்லை.

அடேல் அம்மா மார்கழியில் இறந்தார்.
துக்கத்துக்கு வந்தவர்கள் போனபின்
லெயோன் மெதுவாகச் சொன்னான்:
"கான்சுலேட்டுக்கு இன்னும் ஒரு மாசம் தெரியலன்னா
பதினெட்டு வந்துடும்."
நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு
அவனே போய்த் தெரிவித்துவிட்டு வந்தான்.

எனக்குப் பாக்கி அறுநூற்று நாற்பது.
விற்காத பிரதியாக எடுத்துக்கொள்ளச் சொன்னான்.
மாட்டேன் என்றேன். அப்புறம் ஆட்டோ வைத்துப் போய்
எடுத்துவந்தேன். கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

பதினெட்டுக்கென்று வரைந்த ஒரு பக்கமும் என்னிடம்தான்.
ஐந்து கட்டம், ஆறு பலூன், எல்லாம் காலி.
என்ன கதை என்று சொல்லாமலே
வடமலை ஷார்ஜா போய்விட்டான்.
கடைசிக் கட்டத்தில் வாட்ச்மேன்
வாயைத் திறந்திருக்கிறான்.
பலூன் பெரியது, விளிம்பெல்லாம் முள்.
எழுபத்தைந்து பைசா.